பாலவாக்கத்துக் காதுகுத்து

ஆனந்தகுமார் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நடை. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை ஒன்றில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறவர், ஏழாவது நாள் காலையில் பட்டினப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலோரமாகத் தெற்கே நடப்பார். கேட்டால் சுகர் என்பார். தங்கச்சி சந்திரிகாவைத் தேடித்தான் நடக்கிறார் என்பது சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

அம்மா இறந்தபோது சந்திரிகாவுக்கு ஏழு வயது, அவருக்குப் பதினேழு. அவளுக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிட அவரே பழகிக்கொண்டார். ஐ.டி.ஐ. படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். அவளைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் அவள் மீன் வண்டி ஓட்டும் ஜவஹரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு சாதி. அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து அப்பா செத்த அன்று அவள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் இவர்தான். அதற்குப் பிறகு அவளுடைய போன் எண் மாறிவிட்டது. "திருவான்மியூர் தாண்டி பீச்சாண்ட எங்கியோ கீறா" என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக நடக்கிறார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தது இதற்கெல்லாம் பிறகு; சந்திரிகாவை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். வாங்கி ஒன்றரை வருடமாக இன்டர்வியூவுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். பெருங்குடியில் மூன்றாவது கம்பெனியும் கைவிரித்த வாரம் அது.

அடையாறு முகத்துவாரத்தில் மணல் வழி முடிந்துவிடுகிறது. மேலே ஏறி, பாலம் வழியாகச் சுற்றி, பெசன்ட் நகரில் மறுபடி கடலுக்கு இறங்கினோம். திருவான்மியூரில் நின்று செருப்பில் புகுந்த மணலைத் தட்டினார். பிறகு, "நீ படிச்சவன், சொல்லு நைனா. பாத்தா அவ மூஞ்சில எப்படி முயிக்கறது?" என்றார்.

"போய் நின்னா போதும்ணே" என்றேன். அப்போது அது சுலபமாக வாயில் வந்தது.

கொட்டிவாக்கம் தாண்டியதும் மேளச் சத்தம் கேட்டது. பாலவாக்கத்தில், கரையேற்றிய படகுகளுக்குப் பின்னால் சின்ன அம்மன் கோயில், அதன் முன்னால் பந்தல். ஸ்பீக்கரில் பாட்டு, அடுப்பில் பிரியாணி அண்டா.

"கோயில் விசேஷம் போல. மோர் குடுப்பாங்க, வா" என்று முன்னால் போனவர், வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்து நின்றுவிட்டார். காதணி விழா. கிரீடம் வைத்த மூன்று வயதுப் பெண் குழந்தை, தர்ஷினி. பக்கத்தில் ஜவஹரும் சந்திரிகாவும். பெரியப்பா, சித்தப்பா, நண்பர்கள் என்று வரிசையாகப் படங்கள். தாய்மாமன் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ போட்டிருந்தார்கள்.

"கொயந்த பொறந்துகீது நைனா" என்றார். உள்ளே ஒரு கால் வைத்தவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வெறுங்கையோட போலாமா?"

என்னைத்தான் கேட்டார். நான் யோசித்துப் பதில் சொன்னேன். "தாய்மாமன் சீர் இல்லாம போனா அவங்க வீட்டு ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்கண்ணே. ஏதாவது வாங்கிட்டு வந்துடுங்க."

"நீ இங்கியே இரு. தோ வன்ட்டேன்." மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

அவர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "தாய்மாமன் வந்து உக்காருங்க, கொழந்தைய மடில வெக்கணும்" என்றார். யாரும் வரவில்லை. மறுபடி கேட்டார். சந்திரிகா வாசலைப் பார்த்தாள், என்னையும் தாண்டிப் பார்த்தாள். "பன்னெண்டுக்கு எமகண்டம்மா. மாமன் கீறாரா, இல்லியா?" என்று மூன்றாவது முறை கேட்டார்.

இருக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் யார்? முன்பின் தெரியாத வீட்டு விசேஷத்தில் குரல் கொடுப்பதா? அவரே வந்து நுழைந்தால்தானே அவருக்கு மரியாதை? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "நதீமண்ணே, நீங்க உக்காருங்க" என்றாள் சந்திரிகா. ஜவஹரோடு வண்டி ஓட்டுகிற நதீம் சம்மணமிட்டு உட்கார்ந்தான். குழந்தை "மாமா" என்று தாவி அவன் மடியில் ஏறிக்கொண்டது.

இரண்டு காதிலும் ரத்தம் துளிர்த்துக் குழந்தை வீறிட்டுக் கத்தும்போது ஆனந்தகுமார் அண்ணன் வந்தார். எவர்சில்வர் தட்டில் பழம், பூ, பாவாடை சட்டை, வெள்ளிக் கொலுசுப் பெட்டி.

"அய்ய, மாமன் வந்துட்டாருடி! இன்னா மாமா, சீர் வாங்க காஞ்சிபுரம் போய்ட்டியா?" என்று ஜவஹரின் அக்கா சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்திரிகா சிரிக்கவில்லை.

"எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேம்மா. கடைக்கு..."

"குத்தி முடிக்கட்டும்னு வெளில நின்னியா? என் கொயந்த உன் மடில உக்காந்தா ஆவாதுன்னு?"

"ஐயோ, இல்ல சந்திரி."

நான் முன்னால் போனேன். "அக்கா, நிஜமாவே கடைக்குத்தான் போனாரு. நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

"பாத்தேன்" என்றாள். "ஃப்ளெக்ஸாண்ட நின்னுகினு இருந்தீங்க. ஆசாரி மூணு தபா கேட்டாரே, உங்க காதுல வுயலையா?"



அவள் பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டாள். எந்த விருந்தாளி கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்கிறவை அவை. மாமன் சீரான பாவாடை சட்டையும் கொலுசுப் பெட்டியும் இருந்த தட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"சாப்ட்டு போ."

சாப்பிட்டார். பரிமாறியவர்கள் வைத்ததையெல்லாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாமல், தலை குனிந்தபடி சாப்பிட்டு முடித்தார். என்னால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

வெளியே வந்ததும், "பஸ்ல போயிடலாம்ணே" என்றேன்.

"நீ போ நைனா."

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படகுகளுக்கு நடுவே கடல் பக்கம் இறங்கினார். உச்சி வெயில். கூடவே போயிருக்கலாம். நான் மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.