மங்கம்மாள் கேட்ட அர்த்தம்

மங்கம்மாளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. சந்தவாசலில் புளி விற்கப் போனால் வியாபாரியின் தராசைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். ஜவ்வாது மலையில் இவளைப்போல இன்னொரு சந்தேகப் பிராணி கிடையாது என்று அவள் புருஷன் பஞ்சாட்சரமே சொல்வான்.

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் பஞ்சாட்சரம் காய்ச்சலில் நினைவு தப்பிப் போனான். டோலி கட்டித் தூக்கி வந்து, அடிவாரத்தில் பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். "சீரியஸா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். கொழுந்தன் கோபால்சாமி வேன் பேசக் கிளம்பிவிட்டான். வெளியில் செத்தவர் உடம்பை அவர்கள் ஊர் எல்லைக்குள் விடமாட்டார்கள். அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே, மூச்சிருக்கும்போதே மலையேற்றிவிடுவது வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன் மங்கம்மாளின் சின்னக்குழந்தை என்ற மகளையும் இதே ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் அது போய்ச் சேர்ந்தது.

இவனுக்கு எதற்கு இத்தனை அவசரம், அண்ணன் நிலத்தின்மேல் கண்ணா? டாக்டர் கட்டிலைக் காலி பண்ணப் பார்க்கிறாரா? மங்கம்மாளுக்கு மனசு ஆறவில்லை. நர்ஸ் ரத்தினம்மாளை வழிமறித்தாள்.

"சீரியஸ்னா இன்னா அர்த்தம்? மறைக்காம சொல்லும்மா."

"ஆபத்தா கீது, கண்ணு எடுக்காம பாத்துக்கணும்னு அர்த்தம். பொழைக்க மாட்டாருன்னு இல்ல. உங்க மலைக்காரங்கதான் அதக் கேட்டதும் ஊசியப் புடுங்கிப் போட்டுட்டுத் தூக்கினு ஓடிடுறீங்க."

மங்கம்மாள் இதையும் நம்பவில்லை. கடைசிக் கட்டிலில் கலசப்பாக்கத்து தங்கவேல் இட்லி தின்றுகொண்டிருந்தார். போன வாரம் இவரையும் சீரியஸ் என்றுதான் சொன்னார்கள் என்றாள் அவர் மனைவி. மங்கம்மாள் அந்த மனுஷனின் கையைத் தொட்டுச் சூடு பார்த்தாள். பிறகு போய்ப் புருஷனின் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கேயே செத்தால் எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று கோபால்சாமி கத்தினான். வந்த வேன் வெறுமனே திரும்பிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் பஞ்சாட்சரம் கண் திறந்து கஞ்சி கேட்டான். கோபால்சாமி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். இவனைப்போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மங்கம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. நேராக ரத்தினம்மாளிடம் போய் நின்றாள்.

"எம் பொண்ணுக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. ஊசியப் புடுங்கினது நான்தான். வுட்டு வெச்சிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

பிழைத்திருக்க மாட்டாள் என்று ரத்தினம்மாள் உடனே சொன்னாள்.

மங்கம்மாள் அதை நம்பவில்லை.