ஊதினால்தான் கிளம்பும்

என் வீட்டுக்காரருக்கு டாக்ஸி ஸ்டாண்டில் ராக்கெட் என்று பெயர். பதினெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கியவர், முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறார். வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைப்பார், சாப்பிட்ட தட்டை மட்டும் எடுத்து வைக்க மாட்டார். இரண்டு தடவை அதிவேகத்துக்கு மாட்டினார், ஒரு தடவை சிவப்பு விளக்கைத் தாண்டினார். அதையெல்லாம் பெரிய வீரதீரச் செயல் மாதிரி ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பார். நாலாவது தடவை குடித்துவிட்டு ஓட்டி, பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண்ணின் காலை உடைத்தார். அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் போனது. அந்த வருடம் முழுக்க நான்தான் காரை ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று என் உயிரை வாங்கினார். லைசென்ஸ் திரும்பி வந்ததும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். திங்கட்கிழமைக்குள் இன்சூரன்ஸ் பேப்பரைக் காட்டினால்தான் வேலை. ஐந்து கம்பெனிகள் அவர் செய்த குற்றங்களைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டன.

ஆறாவது கம்பெனிக்கு எங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டாண்டில் பாதிப் பேர் செய்கிற வழிதான்.

"அக்கா, வண்டிதான் உங்க பேர்ல இருக்கே. ஓட்டுறதும் நீங்கதான்னு எழுதிடலாம். கம்பெனியிலேருந்து போன் வரும். வேற யாரும் ஓட்ட மாட்டாங்கன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை மதியம் ஏஜென்ட் ஆபீசில் இருந்தபோது போன் வந்தது. ஏஜென்ட் அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். எதிரே ராக்கெட்.

"மேடம், வண்டிய யார் ஓட்டுவாங்க?"

"நான் ஓட்டுவேன்."

"வீட்ல வேற யாராவது ஓட்டுவாங்களா?"

ஏஜென்ட் கழுத்தே சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் உடைந்த அந்தப் பெண்ணின் ஆபரேஷனுக்குப் பழைய இன்சூரன்ஸ்தான் கைகொடுத்தது. இப்போது பொய் சொல்லி வாங்கிவிட்டு, நாளைக்கு இவர் யார்மேலாவது மோதினால்? கம்பெனி கைகழுவிவிடும். அடிபட்டவர் பாடு அதோகதி. இவர் குடித்ததற்கு நான் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. பெரும்பாலும் என் வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். குடிச்சிட்டு ஓட்டி ஒரு வருஷம் லைசென்ஸ் போனவர். இப்ப நிறுத்திட்டார்."

ஏஜென்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாளே கம்பெனி சம்மதித்தது. கட்டணம் மூன்று மடங்கு, கூடவே ஒரு நிபந்தனை. காரில் ஒரு கருவி மாட்டினார்கள். யார் ஓட்டினாலும் அதன் குழாயில் ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும், வண்டி கிளம்பும். இருந்தால் சிவப்பு. ஒவ்வொரு ஊதலும் கம்பெனிக்குப் போகும். ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் அன்றே பாலிசி ரத்து.

"நிறுத்திட்டீங்கதானே?" என்று கேட்டேன்.

"எத்தனை தடவதான் கேப்ப?" என்று எரிந்து விழுந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. முதல் நோயாளி ஓய்வுபெற்ற டீச்சர். ஏழு மணிக்கு வாசலில் காத்திருப்பார். ஏழரைக்கு மெஷினில் படுக்க வேண்டும், தாமதமானால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இவர் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, காரில் ஏறினார். குழாயை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனார். ஊதவில்லை.

புதுக் கருவி, பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் போனது. இன்னொரு நிமிஷம் போனது.

"ஏங்க, நேரமாகுது."

குழாயை மெதுவாக அதன் இடத்தில் மாட்டினார். இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார்.

"நேத்து ராத்திரி கொஞ்சம் போட்டுட்டேன். நீயே எடுத்துட்டுப் போ."

ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. ஊதாமல் இறங்கி உண்மையைச் சொன்னாரே என்று அழுகையும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று அத்தனை வீம்பாக நின்றவள் நான். நிறுத்திட்டார் என்று போனில் நான் சொன்னதே பொய்யாகிவிட்டது.

ஏறி உட்கார்ந்து ஊதினேன். பச்சை எரிந்தது. கண்ணாடியை இறக்கினேன்.

"கம்பெனிக்கு நான் தப்பா சொல்லிட்டேன். வந்ததும் போன் போடணும். இந்தத் தடவ நீங்க பேசுங்க."

"பாலிசி போயிடுமே."

"போனாலும் போகலாம்."

அவர் வாசலிலேயே நின்றார். டீச்சர் காத்திருப்பார் என்று நான் வண்டியை எடுத்தேன்.