தறிச் சத்தத்தில் பாடியவள்

டீக்கடையில் நண்பன் சத்யராஜ் நீட்டிய போனில் பிரவீனாவின் படம் மட்டும் இருந்தது. கீழே அவள் பெயர் மட்டும். புது ஆல்பம்.

"இன்னா கிறிஸ்டி, உன்னக் கழட்டி வுட்டுச்சா?" என்று சிரித்தான் சத்யராஜ்.

கிறிஸ்டோபர் கையில் டீ ஆறிப்போனது.

அவன் பகலில் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவன்; ஞாயிறு காலையில் சர்ச்சில் கிடார் வாசிப்பவன். கல்லூரி நாளிலிருந்து பிரவீனா பாட, அவன் வாசிக்க, இருவரும் சேர்ந்தே ராக் பாட்டு செய்து யூடியூபில் போட்டு வந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் அவனுடைய மாடி அறைதான் ஸ்டூடியோ. இரண்டு பக்கமும் தறி வீடுகள். மைக்கைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் தறிச் சத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அமாவாசைக்கு அமாவாசைதான் பதிவு. அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்; தெருவே வாய் மூடிக் கிடக்கும்.

ஓர் அமாவாசைகூட அவள் வராமல் இருந்ததில்லை. அவள் வீட்டிலும் தறி உண்டு. அப்படியானால் இந்தப் பாட்டையெல்லாம் எப்போது பாடினாள்?

யோசிக்க யோசிக்க ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம், "நம்ம பாட்டெல்லாம் பென்டிரைவ்ல போட்டுக் குடுப்பா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளே. அந்தச் சிரிப்பை நம்பி அவனும் கொடுத்தானே. அவன் கிடாரை அழித்துவிட்டு, தன் குரலை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டாள் பாவி.

அன்று சாயங்காலமே பிரவீனா படியேறி வந்தாள். கையில் கோயில் இட்லிப் பொட்டலம்.

"கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? என் ரூம்ல பாடுனதுதான?"

"இன்னா சொல்ற நீ?"

"பென்டிரைவ் எதுக்கு வாங்கின? என் கிடார அழிச்சிட்டு உன் பேரப் போட்டுக்கினியா?"

அவள் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டினாள்.

"திருட்டுப் பொருள அடையாளம் காட்டுபா."

போலீஸ்காரன் வீடு புகுந்து தேடுவதைப்போல அவன் கேட்டான். பிரவீனாவின் குரல். அதற்குப் பின்னால் சடக், சடக் என்று தறி. அடுத்த பாட்டிலும் தறி. அதற்கடுத்ததிலும். அவன் அறையில் பதிவான ஒரு பாட்டிலும் அந்தச் சத்தம் கிடையாது. இருந்திருந்தால் அவனே அழித்திருப்பான்.

"அப்பா தறியில பொடவ நெஞ்சிக்கினு இருக்க சொல்ல பக்கத்துல உக்காந்து பாடுனது. டிரம்ஸே அவுருதான்," என்றாள் பிரவீனா. "முன்னாடியே சொல்லியிருந்தா, சத்தம் வருது, வாணாம்னு சொல்லியிருப்ப."

"அப்ப பென்டிரைவ்?"

"நம்ம பாட்டு எல்லாம் உன் ஓட்டக் கம்ப்யூட்டர்ல மட்டும் கெடக்குது. அது படுத்துக்கிச்சின்னா இன்னா பண்ணுவ?"

கிறிஸ்டோபர் ஹெட்போனைக் கழற்றினான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வர்ற அமாவாசைக்கு வருவியா பிரவீனா?"

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"தறி ஓடுற நாளாப் பாத்துக் கூப்புடு. அதுவும் இப்ப வாணாம். எனக்குக் கோவம் ஆறட்டும்."

இட்லிப் பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. அதைப் பிரிக்க அவனுக்குக் கை வரவில்லை.