தம்பி வாசிக்காமல் விட்ட பக்கம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் வரிகள் கோணலாகப் போகும், பல விஷயங்கள் மறந்தும் விட்டன. பொறுத்துக்கொள்ளுங்கள். இது மட்டும் மறக்கவில்லை.

சுவிஸில் டீட்டிகோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடங்களில் எனக்குச் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தது. ஜெர்மன் கொஞ்சம் பேசுவேன்; வாசிக்க வராது. காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பேன். செவ்வாய் பின்னேரங்களில் அங்கேயே தாய்மாருக்கு ஜெர்மன் வகுப்பு நடந்தது. செலவு ஊர் வரியிலிருந்து. பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருப்பேன். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிவேன். ஒருநாள் நாலு வரி முழுதாக வாசித்துவிட்டேன். எல்லாரும் மேசையில் தட்டினார்கள். இங்கே அதுதான் கைதட்டல்.

அந்த மார்கழியில் வரியைக் கூட்டுவதா என்று முடிவெடுக்க ஊர்க் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன்பே, கூட்டத்தில் முடிவெடுக்கப்போவதை ஜெர்மனில் விளக்கி வீட்டுக்கு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. என் தம்பி புதிதாக வீடு வாங்கியிருந்தான். அவன்தான் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துச் சொன்னான்.

"அக்கா, நான் கையைத் தூக்கேக்கை நீங்களும் தூக்குங்கோ. வரி ஏறக்கூடாது."

"பள்ளிக்கூடத்துக்கு ஒண்டும் வராதே?"

"பள்ளிக்கூடம் மலை மாதிரி நிக்குது. அது எங்கை போகப்போகுது?"

விளையாட்டு மண்டபத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் ஒரே வரிசையில் இருந்தோம். வரி கூட்ட வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது தம்பி தூக்கினான், வரிசை முழுதும் தூக்கியது. சபையில் நான் கை தூக்கியது அதுவே முதல் தடவை. பெருமையாகக்கூட இருந்தது.

தை மாதம் ரீச்சர் வகுப்பில் அழுவதுபோல் நின்றார். வரி ஏறாததால் பள்ளிக்குக் காசு போதாது, கோடையோடு இந்த வகுப்பை நிறுத்துகிறார்கள் என்றார். "ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது." அந்த ஊரில் என் கையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். மூன்று பின்னேரம் எடுத்தது. ஏழாம் பக்கத்தில் இருந்தது: வரி ஏறாவிட்டால் நிறுத்தப்படுபவை. அதில் எங்கள் வகுப்பு.

தம்பியிடம் கேட்டேன். "இந்தப் பக்கத்தை ஏன்ரா எனக்கு வாசிக்கேல்லை?"

அவன் சிரித்தான். "நீங்கள் பிழையா வாசிச்சிருப்பியள், அக்கா. இந்த வயசிலை படிச்சு என்ன, டாக்குத்தராகப் போறியளோ?"

அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. கோடையோடு வகுப்பும் நின்றது. அந்த அறையை மட்டும் இரண்டு வருடம் துடைத்தேன்.

புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நன்றாக ஜெர்மன் தெரிந்த யாராவது அந்த ஏழாம் பக்கத்தைப் பார்த்து, நான் வாசித்தது சரியா என்று சொல்லுங்கள். பிழை என்றால் தம்பியிடம் நானே போய் மன்னிப்புக் கேட்பேன். பிழையாக இருந்தால் நல்லது.