நான் கேட்டுப் போட்ட ஊசி

என் மனைவி சவரியம்மாளுக்கு முதலில் வந்தது வெறும் சளியிருமல்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஆவூரில் பள்ளிக்கூட வாத்தியார். டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கு சார். தானா அடங்கும். காய்ச்சல் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிட்டு வாங்க. இப்ப ஊசி வேண்டாம்."

ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மருந்துக்கடை கம்பவுண்டர் என்னிடம் படித்தவன், நான் சொன்னால் தட்டமாட்டான். அது தெரிந்தேதான் போனேன். மனைவியிடம், "டாக்டர் ஊசி போடச் சொல்லிட்டாரு" என்று கூசாமல் புளுகினேன். கம்பவுண்டர் தயங்கினான். "போடுடா" என்றேன். பெனிசிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) போட்டான்.

கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுவிட முடியாமல் சாய்ந்துவிட்டாள். ஒவ்வாமை (உடம்பு மருந்தையே விஷமாக எடுத்துக்கொள்வது). டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "இனி ஆயுசுக்கும் இவங்களுக்கு இந்த மருந்து ஆகாது. நெசமாவே தேவைப்படுறப்ப என்ன சார் செய்வீங்க?"

அப்போதும் மனைவியிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஊசிக்காக டாக்டரோடு மல்லுக்கு நிற்கும் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் நிமோனியா (நுரையீரலில் சளி இறுகிக் கட்டும் காய்ச்சல்) வந்தது. பெனிசிலினுக்கு வழியில்லை. டாக்டர் சல்பா மாத்திரை (கிருமி பெருகாமல் தடுப்பது) கொடுத்தார். அவள் அதை வாயில் போடவே மறுத்தாள்.

"அந்த டாக்டர் மருந்து எனக்கு வேணாங்க. ஊசி போடச் சொல்லி என்னயக் கொல்லப் பாத்தவரு."

உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு நீலம் பாரித்தது. இனியும் வாய்மூடி இருந்தால் ஆளே போய்விடுவாள்.

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் போடச் சொன்னேன்."

"அடப்பாவி மனுசா" என்றாள். மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கினாள்.

எழுந்து நடமாட மூன்று மாதம் ஆயிற்று. வலது நுரையீரல் பழையபடி விரியவில்லை. பத்து நிமிஷ மாதாகோயில் வழி எங்களுக்கு இப்போது அரைமணி நேரம். அவள் மூச்சு வாங்க நிற்கும் இடங்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"பூசைக்கு நேரமாச்சுங்க, நீங்க முன்னால போங்க" என்பாள். நான் போவதில்லை.

பெனிசிலின் மட்டும் போட முடிந்திருந்தால் ஒரு வாரத்தில் எழுந்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதை, அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.