காதடைப்போடு முங்கலாமா

என் எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாவதோடு நின்றவள், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் ஸ்டேஷனில் ராமேஸ்வரம் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். காது வைத்தியத்துக்காகச் செம்பாக்கத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். மார்கழிக் குளிரிலும் முங்கி முங்கிக் கடற்பாசி எடுத்ததில் காதுக்குள் எலும்பு வளர்ந்து துளை சிறுத்துவிட்டது என்றார் டாக்டர். இனியும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் காது கேட்காமலே போகலாமாம். மகன் கடலே வேண்டாம் என்கிறான். நான் தண்ணீர் உள்ளே போகாமல் காதில் செருகும் ரப்பர் காதடைப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பெண் என் கையிலிருக்கும் காதடைப்பைப் பார்க்கிறாள். எனக்குப் பேசக் கூச்சம். அவளே ஆரம்பிக்கிறாள்.

"இன்னாக்கா, நீயும் அலையில பலகை வுடப் போறியா?"

"இல்லத்தா, பாசி எடுக்க முங்குவேன்."

"அய்ய, அப்ப இத்த போடாத. என் பொண்ணு கோவளத்துல பலகை வுடுறா, மேல மிதக்குறவளுக்கு இது சரி. ஆழத்துல முங்குனா தண்ணி இத்த உள்ள அமுக்கும், சவ்வு கிழிஞ்சிடும்னு அவ மாஸ்டர் சொல்லிகீறாரு. காதை மூடுற ரப்பர் குல்லா கீது, அத்த வாங்கு."

"கடலுக்குப் போகாதன்னு நீ சொல்லலையே?"

"சொன்னா நிக்கவா போற?"

காதடைப்பை அவள் மகளுக்கென்று கொடுத்துவிடுகிறேன். மகனுக்குப் போன் போட்டுக் குல்லா வாங்கி அனுப்பச் சொல்கிறேன். அவன் திரும்பி வா என்கிறான். ரயில் வருகிறது, போனை வைத்துவிடுகிறேன்.

காதடைப்பு போட்டு முங்கக் கூடாது என்பது சரிதானா, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கடலுக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை.