சூடு தெரியாத கால்

நரம்பு செல்லின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நடுவே செல் உடல், அதற்குள் உட்கரு, சுற்றிலும் கிளைகிளையாக டென்ட்ரைட்டுகள், ஒரு பக்கம் நீண்டு போகும் ஆக்ஸான், அதன்மேல் மயலின் உறை. பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக இதைத்தான் வரைகிறேன். மனப்பாடமாகத் தெரியும் என்பதில் அப்படி ஒரு பெருமை எனக்கு. தூ, அந்தப் பெருமையில் நெருப்பை வைக்க.

எங்கள் நைனா தங்கச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் மெஷின் பிடித்தவர். சுரங்கத்தை மூடி இத்தனை வருடம் ஆகியும் கோரமண்டல் காலனியில் கம்பெனி கொடுத்த அதே லைன் வீட்டில்தான் நானும் அவரும் இருக்கிறோம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்; அவள் போட்ட சட்டங்கள் போகவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர் கால் நனைக்கும் தண்ணீரில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. வெந்நீரில் உப்புப் போட்டு வாளியை வைப்பாள். அவர் காலை விட்டுப் பார்த்து "போதும்" என்றால் போதும், "ஊத்து" என்றால் ஊற்ற வேண்டும். "ஒழைச்ச காலுக்குத் தெரியாதா சூடு?" என்பாள். ஷிப்ட் நின்று போயிற்று. வாளி மட்டும் சாயங்காலமானால் வந்துவிடும், இப்போது என் கையால்.

அவருக்குச் சுகர் வந்தும் வெகுகாலம். ஒருநாள் காலையில், "இன்னாமோ பஞ்சு மேல நடக்கற மாதிரி கீதும்மா" என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "பஞ்சு மேலதான, முள்ளு மேல இல்லியே நைனா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அந்த வாரம்தான் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தினேன். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை வைத்துச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரியும். கீழே இருப்பவன் மணி அடித்தால்தான் மேலே எஞ்சின் ரூமில் இருப்பவனுக்கு விஷயம் தெரியும். அதேபோல, காலில் சுட்டால் உணர்ச்சி நியூரான் தண்டுவடத்துக்குச் சேதி சொல்லும். அங்கிருந்து இயக்க நியூரான் வழியாகத் தசைக்கு உத்தரவு வரும். வலி என்று மூளை அறிவதற்குள் காலை இழுத்திருப்போம். சுகர் முற்றினால் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும், அதனால்தான் கால்விரலில் ஆரம்பிக்கிறது என்பதையும் சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், மணிக்கயிறு அறுந்துட்டா?" என்றாள்.

"கீழ எல்லாம் நல்லாக்கீதுன்னு மேல இருக்கறவன் நெனச்சுக்குவான்" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நைனா வலது காலை வாளியில் விட்டார். "சூடே இல்லியே, ஊத்து." எழுந்துபோய் ஊற்றினேன். "இன்னாம்மா இது, பச்சத் தண்ணியாட்டம் கீது. ஊத்து." எனக்கு எரிச்சல். அடுப்பில் தளதளவென்று கொதித்ததை அப்படியே கொண்டுவந்து கவிழ்த்தேன். ஆவி என் முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேனே தவிர, தண்ணீரில் ஒரு விரலை வைத்துப் பார்க்கவில்லை. அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுளிப்பு இல்லை, காலை இழுக்கவும் இல்லை.

பத்து நிமிடம் கழித்துக் காலை எடுத்தார். தோல் வாளியிலேயே நின்றுவிட்டது. ஐயோ என்று அலறியது நான்தான். "இன்னாத்துக்குக் கத்தற? எனக்கு ஒண்ணும் வலிக்கலியே" என்றார்.

புண் ஆறவில்லை. சீழ் வைத்தது, கறுத்தது. கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். "தண்ணியில யாரும் கை வெச்சுப் பாக்கலையா? வீட்ல படிச்சவங்க இல்லையா? நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று டாக்டர் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

போன வாரம் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது நைனா முகத்தைச் சுளித்தார்.

"கட்டவெரலு வலிக்குதும்மா."

"அது இப்ப இல்ல நைனா."

"தெரியும். இருந்தப்ப வாயத் தொறக்கல, போனப்பறம் கத்துது பாரு."

எனக்குள் இருக்கும் டீச்சர் சும்மா இருப்பாளா? வெட்டுப்பட்ட நரம்பின் முனை இன்னும் சேதி அனுப்புகிறது, விரலே அனுப்புவதாக மூளை நினைத்துக்கொள்கிறது என்று விளக்கினேன். "வெந்நீர் ஊத்துனப்ப அந்த வெரல் நரம்பு கெட்டுப் போயிருந்துச்சு. அதான் நைனா அன்னிக்கு அது ஒண்ணும் சொல்லல."

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை.

"நரம்பு சொல்லல, சரி. நான் சொன்னேனேம்மா."